டச் மெஷின் காட்டிய தங்கம்: கஞ்சமலை மண்கிண்ணத்தில் உருகியது எது?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். சேலம் கஞ்சமலை அடிவாரத்தில் உள்ள உங்கள் தோட்டத்தில் தென்னங்கன்றுக்குக் குழி எடுத்தபோது, ஒரு சாண் உயரம்கூட இல்லாத கூம்பு வடிவ மண்கிண்ணம் ஒன்றும், அதேபோன்ற இன்னொன்றின் உடைந்த ஓடுகளும், ஒரு பக்கம் வழவழவென்று தேய்ந்த கருங்கல் ஒன்றும் கிடைத்திருக்கின்றன. செவ்வாய்ப்பேட்டையில் தெரிந்தவர் கடையில், நகையின் தரம் பார்க்கும் டச் மெஷினில் கிண்ணத்தை வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். இரும்பு 80 சதவீதத்துக்கு மேல், துத்தநாகம் 6, தங்கம் 1, மீதி டைட்டானியம், குரோமியம், நிக்கல் என்று திரையில் வந்திருக்கிறது. இது தங்கம் உருக்கிய மூசையா (உலோகம் உருக்கும் மண்கிண்ணமா), எவ்வளவு பழசு, எங்கே கொடுத்தால் உறுதியாகச் சொல்வார்கள் என்று கேட்கிறீர்கள். மூன்று கேள்விக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: பழைய பட்டறைச் சாமானில் ஒட்டிக்கொண்டிருக்கும் துளி உலோகத்தை வைத்து, அதில் என்ன வேலை நடந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா? முடியும். ஆனால் அந்த மெஷின் காட்டிய எண்களை வைத்து முடியாது. நான் உலோகவியல் படித்தவன். பழைய உலைக் கிட்டங்களையும் (உலோகம் உருக்கும்போது மிஞ்சும் கசடு) மூசை ஓடுகளையும் நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் பல வருடமாக என் வேலை. உங்கள் படங்களை மட்டும் பார்த்திருக்கிறேன், பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் அந்த மெஷின் என்ன செய்கிறது என்று பார்ப்போம். அது பொருளின்மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சுகிறது. ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் ஒரு கதிரைத் திருப்பி உமிழும். எந்த ஆற்றலில் எவ்வளவு வருகிறது என்று எண்ணி, எது எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் போடுகிறார்கள். தத்துவம் சரிதான், ஆய்வுக்கூடத்தில் நாங்கள் பயன்படுத்துவதும் அதே தத்துவம்தான். கணக்கில்தான் வித்தியாசம். நகைக்கடை மெஷின்கள் பெரும்பாலும், உள்ளே வைத்தது முழுக்க உலோகம் என்று எடுத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த தனிமங்களின் கூட்டுத்தொகையை 100 ஆக்கிவிடும். நகைக்கு அது போதும். மண்கிண்ணத்தில் பெரும்பகுதி ஆக்சிஜன், சிலிக்கான், அலுமினியம். ஆக்சிஜனை அது பார்க்கவே பார்க்காது. மற்ற இரண்டையும் பெரும்பாலும் கணக்கில் சேர்ப்பதில்லை. முக்கால் பங்குக்கு மேல் இருப்பதை விட்டுவிட்டு, மீதியை 100 என்று விரித்துக் காட்டுகிறது. அதனால்தான் சாதாரணச் செம்மண் கிண்ணம்கூட அந்தத் திரையில் 80 சதவீத இரும்பாகிவிடும். உங்கள் வீட்டுப் பூந்தொட்டி ஓட்டை அதே மெஷினில் வைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட இதே இரும்பு எண் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

அடுத்து அந்த 1 சதவீதத் தங்கம். இதில் எனக்கு உடனே சந்தேகம் வரக் காரணம், பக்கத்திலேயே நிற்கும் துத்தநாகம். துத்தநாகம் இரண்டு ஆற்றல்களில் கதிர் விடும்: 8.64, அப்புறம் 9.57 கிலோ எலக்ட்ரான் வோல்ட். தங்கத்தின் முதல் கதிர் 9.71. நகைக்கடை மெஷின்கள் பலவற்றின் உணரிக்கு 9.57க்கும் 9.71க்கும் இடையில் உள்ள இந்தச் சின்ன வித்தியாசத்தைச் சுத்தமாகப் பிரிக்க வராது. துத்தநாகம் நன்றாக இருந்து தங்கம் துளிகூட இல்லாவிட்டாலும், கொஞ்சம் தங்கம் இருப்பதாக அது சொல்லலாம். இதைச் சோதிக்க வழி இருக்கிறது. தங்கத்துக்கு 11.44இல் இன்னொரு கதிர் உண்டு. துத்தநாகத்துக்கு அங்கே ஒன்றும் கிடையாது. கடைக்காரரிடம் சதவீதப் பட்டியலை விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் உள்ள வரைபடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். 11.44இல் தெளிவான முகடு இருந்தால் தங்கம் உண்மையிலேயே அங்கே இருக்கிறது. அந்த இடம் தட்டையாக இருந்தால் இல்லை, அல்லது அந்த மெஷினின் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இல்லை. இதே மாதிரி ஈயமும் ஆர்செனிக்கும் 10.5ஐ ஒட்டி ஒன்றின்மேல் ஒன்று விழும். அந்த இரண்டில் ஒன்றைப் பட்டியலில் பார்த்தாலும் உடனே நம்பிவிடக் கூடாது.

முகடு இருந்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்தத் தங்கம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. நாள் முழுக்கச் சங்கிலியும் வளையலும் வைத்து எடுக்கும் மேடை அது. அதில் தங்கத் துகள் ஒட்டியிருக்காது என்று யாராலும் சொல்ல முடியாது. நம் ஊரில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. சிவதாபுரம், பனங்காடு, செவ்வாய்ப்பேட்டை என்று வீட்டுக்கு வீடு கொலுசுப் பட்டறை இருக்கிற இடத்தில், கைமாறிய எந்தப் பொருளிலும் வெள்ளியும் செம்பும் ஒட்டியிருக்க வாய்ப்பு உண்டு. அதனால் எதை அளந்தாலும் கூடவே ஒரு வெற்றுச் சோதனை வேண்டும். காலி மேடையை ஒரு தடவை அளக்க வேண்டும். எந்தப் பட்டறையையும் பார்க்காத ஓட்டை ஒரு தடவை அளக்க வேண்டும். அந்த ஓட்டிலும் தங்கம் வந்தால், உங்கள் கிண்ணத்தின் தங்கக் கதை அங்கேயே முடிந்துவிடும்.

சேலத்து மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளியூர் ஆய்வாளர்கள் தடுமாறும் இடம் இது. கஞ்சமலையே காந்தத் தன்மையுள்ள இரும்புத்தாது வரிவரியாக ஓடும் மலை. மழையில் அடித்துவரும் அந்தத் துகள் அடிவாரத் தோட்டம் எங்கும் கிடக்கும். காந்தத்தை மண்ணில் இழுத்தாலே கறுப்பு மயிர் மாதிரி ஒட்டிக்கொண்டு வருவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அங்கே புதைந்து கிடந்த கிண்ணத்தில் இரும்பு இருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. குரோமியமும் நிக்கலும் அப்படியே. சேர்வராயன் மலைக்கும் ஊருக்கும் இடையில் வெள்ளைக்கல் எடுக்கும் குன்றுகளின் பாறை, இயல்பாகவே அந்த இரண்டும் அதிகம் உள்ள வகை. துத்தநாகமும் நிச்சயமில்லை. நெல்லுக்கும் சோளத்துக்கும் துத்தநாக சல்பேட் போடுவது நம் பக்கம் வழக்கம். துத்தநாக முலாம் பூசிய கம்பியும் வாளியும் தோட்டத்தில் துருப்பிடித்துக் கரையாத வீடு இல்லை. ஆகவே கிண்ணம் கிடைத்த குழியின் மண்ணில் ஒரு பிடி எடுத்து, அதையும் அளந்து, கிண்ணத்தின் உள்சுவர், வெளிச்சுவர், உடைந்த ஓட்டின் நடுப்பகுதி மூன்றோடும் ஒப்பிட வேண்டும். உள்சுவரில் மட்டும் கூடுதலாக இருப்பதுதான் பேசத் தகுந்தது. எல்லா இடத்திலும் சமமாக இருந்தால் அது மண்ணின் குணம்.

சரி, உள்சுவரில் மட்டும் துத்தநாகம் கூடுதலாக இருக்கிறது என்று வந்தால்? அப்போது பித்தளையோ துத்தநாகம் கலந்த வேறு உலோகமோ உருகியிருக்கலாம் என்று சொல்லலாம். எவ்வளவு கலந்தது என்று சொல்ல முடியாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மூசையில் ஒட்டியிருப்பதன் விகிதமும், அதில் உருகிய உலோகத்தின் விகிதமும் ஒன்று அல்ல. துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். செம்பு உருகவே 1085 டிகிரி வேண்டும். பித்தளை உருகும்போது ஆவியாகக் கிளம்பும் துத்தநாகம் மண்சுவரின் துளைகளுக்குள் புகுந்து, அங்குள்ள சிலிக்காவோடு சேர்ந்து கெட்டியாகத் தங்கிவிடும். உலோகத்தில் கொஞ்சமே இருந்தாலும் சுவரில் அமோகமாகத் தெரியும். ஈயமும் அப்படித்தான், மண்ணோடு சீக்கிரம் கலந்து கண்ணாடியாகும். வெள்ளீயம் ஆக்ஸைடாகி உள்பூச்சில் நுண்ணிய படிகங்களாக நிற்கும். தங்கம் இதற்கு நேர் எதிர். 1064 டிகிரியில் உருகும், ஆக்சிஜனோடு சேராது, சுவருக்குள்ளும் போகாது. தட்டான் கடைசித் துளி வரை கவிழ்த்து எடுத்துவிடுவார். உள்ளே உருகிப் படிந்த கண்ணாடிப் பூச்சில் சிக்கிய, கண்ணுக்குத் தெரியாத உருண்டைகள் மட்டும் மிஞ்சும். பழைய மூசைகளையும் அச்சுகளையும் போலவே செய்து, தெரிந்த உலோகத்தை உருக்கி வார்த்து அளந்து பார்த்த பரிசோதனைகளும் இதையே காட்டியிருக்கின்றன. ஆவியாகும் உலோகம் மிகையாகத் தெரியும், மற்றவை குறைவாகத் தெரியும். அச்சுகளில் நிலைமை இன்னும் மோசம், உலோகம் அதில் சில நொடிகளே சூடாக இருக்கிறது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு உங்கள் படங்களுக்கு வருகிறேன். தங்கம் இருக்கிறதா என்பதைவிட, அந்த உடைந்த ஓட்டின் படம்தான் எனக்குத் தூக்கம் வராமல் செய்தது. ஓட்டின் உடைப்பு முழுக்கக் கறுப்பு. அதில் நீள நீளமான சிறு துளைகள் தெரிகின்றன. நெல் உமி கலந்து சுட்ட களிமண்ணில் வரும் தடம் போல இருக்கிறது. வெளிப்பக்கம் பச்சையும் கறுப்புமாக உருகி வழிந்த பளபளப்பு. பட்டறையில் தங்கம் உருக்கும் மூசைக்கு அவ்வளவு சூடு தேவையில்லை; வெளிச்சுவர் இப்படி வழியும்வரை நெடுநேரம் காய்ச்சவும் மாட்டார்கள். உமி கலந்த கறுப்புக் களிமண், கூம்பு வடிவம், வெளியே கண்ணாடிப் பூச்சு மூன்றும் சேர்ந்து வந்தால், தென்னிந்தியாவில் முதலில் நினைக்க வேண்டியது எஃகு. மூடிய மூசைக்குள் இரும்போடு கரிமம் சேர்த்து, பல மணி நேரம் உலையில் வைத்து உருக்கிய எஃகு. உலகம் முழுக்க ஊட்ஸ் என்று பெயர் வாங்கியது அதுதான். சுத்த இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும். கரிமம் ஒன்றரை சதவீதம் சேர்ந்தால் 1400ஐக் கொஞ்சம் தாண்டியதுமே முழுதும் உருகிவிடும், துருத்தி வைத்த உலைக்கு அது எட்டுகிற சூடு. தமிழ்நாட்டில் மேல்சிறுவலூரில் கிடைத்த இப்படிப்பட்ட மூசை ஓடுகளை தொல்உலோக ஆய்வாளர் சாரதா ஸ்ரீனிவாசன் 1990களில் ஆராய்ந்து, அவை உயர்கரிம எஃகு உருக்கியவை என்று காட்டினார். ஈரோடு மாவட்டம் கொடுமணலிலும் இரும்பு உருக்கிய உலைகளோடு எஃகு வேலைக்கான சான்றுகளும் கிடைத்திருக்கின்றன. கஞ்சமலைத் தாது பக்கத்திலேயே இருக்கும்போது, உங்கள் கிண்ணம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். இது படத்தைப் பார்த்து வந்த ஊகம்தான், ஆனால் சோதித்துப் பார்க்க முடிந்த ஊகம்.

சோதிப்பது எப்படி என்று சொல்கிறேன். நகைக்கடை மெஷினால் கரிமத்தைப் பார்க்கவே முடியாது. அதன் கதிர் அவ்வளவு பலவீனம். எஃகை வெறும் இரும்பிலிருந்து பிரிப்பது கரிமம்தான். ஆகவே எஃகு மூசை என்றால், அந்த மெஷினின் பதில் ஆரம்பத்திலிருந்தே குருடு. உடைந்த ஓட்டிலிருந்து விரல் நகம் அளவு ஒரு துண்டை வெட்டி, பிசினில் பதித்து, கண்ணாடி மாதிரி மெருகேற்றி, உலோக நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். வேறொரு இடத்து மூசை ஓட்டில் நான் பார்த்ததைச் சொன்னால் புரியும். உள்சுவரின் கண்ணாடிப் பூச்சில், ஊசிமுனையைவிடச் சிறிய உருண்டை ஒன்று, பாதி துருவாகிக் கிடந்தது. ஆல்கஹாலில் 2 சதவீத நைட்ரிக் அமிலம் கலந்து ஒரு சொட்டு, சில நொடி. துருப்பிடிக்காத பாதியில் கைரேகை போல மெல்லிய வரிகள் எழுந்தன. அவற்றைச் சுற்றி வெள்ளை வலை. அந்த வரி, இரும்பும் அதன் கார்பைடும் (இரும்பும் கரிமமும் சேர்ந்த பொருள்) மாறி மாறி அடுக்கியது. வலை மிஞ்சிய கார்பைடு. 0.8 சதவீதத்துக்கு மேல் கரிமம் இருந்தால்தான் அந்த வலை வரும். இன்னும் பார்த்தால், துருவாகிப் போன பாதியிலும் அதே வலையின் சாயல் அழியாமல் நின்றது. இரும்பு மக்கிய பிறகும் கார்பைடு நெடுநாள் தாங்கும். அதனால் உங்கள் ஓட்டில் உலோகமே மிஞ்சாமல் துரு மட்டும் இருந்தாலும் நம்பிக்கையை விட வேண்டாம். அப்புறம் மின்னணு நுண்ணோக்கியில் வைத்து, அந்த உருண்டையில் மட்டும் கதிரைக் குவித்து, எந்தத் தனிமம் என்று பார்க்கலாம். முழுக் கிண்ணத்தின் சராசரி தேவையில்லை, அந்த ஒரு உருண்டையில் என்ன இருக்கிறது என்பதுதான் தேவை. தங்க உருண்டை சிக்கியிருந்தாலும் அங்கேதான் தெரியும்.

இப்போது அந்தக் கல். இதில்தான் உங்கள் தங்கக் கேள்விக்கு நியாயமான இடம் இருக்கிறது. இங்கிலாந்தில் அப்டன் லவல் என்ற ஊரில் 1801இல் தோண்டிய வெண்கலக்கால ஈமக்குழி ஒன்றில் சில கற்கருவிகள் கிடைத்தன. அவை டிவைசஸ் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 2022இல் வெளியான ஆய்வில் அவற்றை மறுபடி எடுத்து, தேய்மானத் தடங்களை நுண்ணோக்கியில் பார்த்து, மின்னணு நுண்ணோக்கியில் தனிமங்களை அளந்தபோது, சில கற்களில் தங்கத்தின் எச்சம் இருந்தது. தங்கத்தை வேறு பொருளின்மேல் மெல்லிய தகடாகத் தட்டிப் பொருத்தும் வேலைக்கு அந்தக் கற்கள் பயன்பட்டன என்று முடிவு செய்தார்கள். 200 வருடம் பலர் கைபட்ட கற்கள், பின்னால் ஒட்டிய தங்கம் என்று யாரும் கேட்கலாம். எனக்கு அந்த முடிவில் நம்பிக்கை வரக் காரணம் இரண்டு. ஒன்று, தட்டித் தேய்த்த தடங்களையும் எச்சத்தையும் சேர்த்தே படித்தார்கள். மற்றொன்று, அந்தத் தங்கத்தின் கலவை அந்தக் காலத்துத் தங்க நகைகளின் கலவையோடு ஒத்துப்போனது. உங்கள் கல்லுக்கும் இந்த இரண்டையும்தான் கேட்க வேண்டும். ஆற்றிலும் பாறையிலும் கிடைக்கும் தங்கத்தில் பெரும்பாலும் வெள்ளி கலந்தே இருக்கும். கல்லில் உள்ள தங்கம் 22 கேரட்டுக்குரிய 91.6 சதவீதத்துக்குப் பக்கத்தில் நின்று, மீதி பெரும்பாலும் செம்பு என்றால், அது நேற்றைய நகையின் தடம் என்று எடுத்துக்கொள்வேன். காட்மியம் தென்பட்டால் அதைவிட உறுதி, கே.டி.எம். பற்றவைப்புக் காலத்துக்கு முன்னால் போகவே முடியாது. அந்தத் தனிமத்தையே 1817இல்தான் கண்டுபிடித்தார்கள்.

எவ்வளவு பழசு என்பதற்கு எச்சம் பதில் சொல்லாது. மூசையில் எஃகு உருக்குவது நம் நாட்டில் 19ஆம் நூற்றாண்டு வரை நடந்த தொழில். 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை வைத்து சேலத்துத் தாதைக் கொண்டுபோனபோதும், நாட்டு உலைகள் இங்கே எரிந்துகொண்டிருந்தன. மேட்டூர் நீர் வற்றும்போது வெளிப்படும் தெலுங்கனூர், மாங்காடு ஈமச்சின்னங்களில் கிடைத்த இரும்புக்கு கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டின் நடுப்பகுதி என்று காலம் வந்திருக்கிறது என்பது உண்மை. அது அந்தக் கல்லறைகளில் வைத்த பொருளின் காலம். அதை எடுத்து உங்கள் மூசையில் ஒட்டவைக்க முடியாது. உங்கள் ஓட்டுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. களிமண்ணில் கலந்த உமி அந்த வருடத்து அறுவடை. அது கரியாகி உள்ளே மாட்டிக்கொண்டிருந்தால் கரிமக் காலக்கணிப்புக்கு அனுப்பலாம். பெரிய மரத்தின் கரி என்றால் மரத்தின் வயதும் சேர்ந்து காலத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடும். உமியில் அந்தச் சிக்கல் இல்லை. களிமண்ணில் முன்பே இருந்த மக்கிய கரிமத்தைப் பிரித்தெடுப்பதுதான் அதில் கஷ்டமான வேலை.

இதற்கெல்லாம் முன்னால் நீங்கள் செய்ய வேண்டியது: தயவுசெய்து கழுவ வேண்டாம், பிரஷ் போட வேண்டாம், எலுமிச்சையோ புளியோ போட்டுத் தேய்க்கவே வேண்டாம். கல்லின் வழவழப்பான பக்கத்தை விரலால் தடவுவதையும் நிறுத்துங்கள். நிழலில் உலரவிட்டு, உள்ளே ஒட்டிய மண்ணோடு தனித்தனிக் காகிதத்தில் சுற்றி வையுங்கள். எந்தக் குழி, எத்தனை அடி ஆழம், பக்கத்தில் கிட்டமோ கரியோ இருந்ததா என்று இன்றைக்கே எழுதி வையுங்கள். மேற்கொண்டு தோண்டாதீர்கள், உலை இருந்தால் அதன் அடித்தளம் அந்த மண்ணடுக்கில்தான் இருக்கும், கடப்பாறை பட்டால் போய்விடும். மண்ணில் புதைந்து கிடைத்த 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது. எழுத்தில் ஒரு மனு கொடுத்து, மாநிலத் தொல்லியல் துறைக்கும் நகல் அனுப்பிவிடுங்கள். வெட்டி எடுத்துச் சோதிப்பதை அவர்கள் மூலமாகச் செய்வதுதான் முறை. ஓட்டில் ஒரு துண்டு எடுத்தால் போதும், முழுக் கிண்ணத்தைத் தொடவே வேண்டியதில்லை.

அதற்குள் ஒரு படம் மட்டும் எடுத்துப் போடுங்கள். முழுக் கிண்ணத்தின் உள்பக்கத்தை, பக்கவாட்டில் டார்ச் அடித்து, ஒரு அளவுகோலோடு. உள்சுவரில் பாதி உயரத்தில் சுற்றிலும் ஒரு கண்ணாடி வரம்பு துருத்திக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். எஃகு உறையும்போது மேலே மிதந்த கசடு சுவரில் ஒட்டி அப்படி ஒரு வரம்பை விடும். அதற்குக் கீழே துருப்புள்ளிகள் தெரிந்தால், துறைக்கு நீங்கள் எழுதும் மனுவில் அந்தப் படத்தையும் இணையுங்கள்.